செங்கமலத்தின் இடது கால்

வடக்குப்பட்டு செங்கமலம் தன் இடது காலைத் தூக்கி வைத்தால், ஒரகடம் கூட்டுரோட்டில் அச்சு முறிந்து கோணிக்கொண்டு நிற்கிற லாரிகூட முதுகை நிமிர்த்தி வாலாஜாபாத் வரைக்கும் நேராக ஓடும். சரி, லாரி கொஞ்சம் அதிகப்படி. மாட்டுவண்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் நம்ப முடியவில்லை என்றால் மனிதர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மனிதர்கள் விஷயத்தில் சொல்வது முக்கால்வாசி உண்மை.

செங்கமலம் கால் வழியாகப் பிறந்தவள். மற்றக் குழந்தைகள் தலையை முன்னால் நீட்டி, இது எப்படிப்பட்ட இடம் என்று பார்த்துக்கொண்டு வரும்போது, இவள் மட்டும் பார்க்காமலே ஓர் உதை விட்டுக்கொண்டு வந்தாள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஆகவே அவளுக்கு ஓடியாடத் தெரிந்த நாள் முதலாக ஊர் முதுகெல்லாம் அவள் காலடியில் கிடந்தது. சூளையில் செங்கல் சுமக்கிற பெண்கள் வந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து கூனிப்போன நெசவாளிகள் வந்தார்கள். ஒரு முறை பஸ் டிரைவர் ஒருவர் பஸ்ஸை ஏரிக்கரையில் அப்படியே நிறுத்திவிட்டு வந்து படுத்தார். பயணிகள் இறங்கி வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மிதித்து முடித்ததும் அவர்களில் பாதிப்பேர் தங்களுக்கும் ஒரு மிதி வேண்டும் என்று வரிசையில் நின்றதாகச் சொல்வார்கள். பாதிப்பேர் என்பதை நான்கு பேர் என்று குறைத்துக்கொண்டாலும் கதைக்குக் குறைவில்லை.

மிதிப்பதற்கு ஒரு முறை இருந்தது. வந்தவர் வாசற்படிக்கு உள்ளே கோரைப்பாயில் குப்புறப் படுக்க வேண்டும். செங்கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலால் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மூன்று தரம் நீவுவாள். இடுப்புக்கு வந்ததும் குதிகாலை வைத்து ஓர் அழுத்து. அதற்கு இரண்டு சட்டங்கள். நீவி முடிகிற வரைக்கும் மிதிக்கிறவளும் பேசக் கூடாது, மிதிபடுகிறவரும் பேசக் கூடாது, பேசினால் பலிக்காது. ஆரம்பித்த காலைப் பாதியில் எடுக்கவும் கூடாது. எடுத்தால் பிடிப்பு கிளம்பி மிதித்தவள் இடுப்பிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் முடிந்த பிறகு செங்கமலம் குனிந்து, தான் மிதித்த முதுகைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். மனிதரைக் காலால் தொட்டதற்கு அது மன்னிப்பு.

இந்தக் கால்தான் அவள் கல்யாணத்தையும் உதைத்துத் தள்ளியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்த கூட்டத்தில், மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு வண்டி குலுக்கிய குலுக்கலில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பஜ்ஜியைக்கூடக் குனிந்து எடுக்க முடியவில்லை மனிதருக்கு. பார்த்துக்கொண்டிருக்க மனம் இல்லாமல் செங்கமலம் பாயை விரித்தாள். மனிதர் ஜம்மென்று நிமிர்ந்து எழுந்தார், பஜ்ஜியும் சாப்பிட்டார். வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் அவருக்கு யோசனை வந்தது.

"மாமனாரு முதுவ மிதிச்ச பொண்ண மருமவளா எப்படிம்மா கூட்டிகினு போறது?"

யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். யோசனை இன்னும் முடியவில்லை.

"போறாரு வுடு. நிமுந்து போனாரு இல்ல, அது போதும்" என்று செங்கமலம் சிரித்தாள். அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ரகுபதியை விட்டுவிட்டு எங்கே போவது என்பதுதான் அப்போது அவளுடைய கவலை.

ரகுபதி அவள் தம்பி. தவழ்ந்துகொண்டிருந்தபோதே அம்மாவைப் பறிகொடுத்தவன். அப்பாவும் அதிக நாள் தங்கவில்லை. நடவுக்கும் சூளைக்கும் போய்ச் செங்கமலம்தான் அவனை வளர்த்தாள். அவனுக்குப் பேச்சு வந்தபோது முதலில் வந்த வார்த்தை "அக்கா". அதற்குப் பிறகு வந்த வார்த்தை "கபடி" என்று அவள் சொல்லுவாள். இடையில் "சோறு" என்றும் ஏதாவது சொல்லியிருப்பான், ஆனால் அதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவனுக்கு மூச்சு நீளம். கடைக்கு எண்ணெய் வாங்கி வரச் சொன்னால், கபடி கபடி கபடி என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், கடைக்காரரிடம் பாட்டிலை நீட்டிவிட்டு, விரலால் அளவு காட்டிவிட்டு, அதே மூச்சில் பாடிக்கொண்டே திரும்பி வருவான். வளர்ந்து மைதானத்தில் இறங்கியபோது அந்த மூச்சோடு ஒரு முதுகும் சேர்ந்துகொண்டது. எதிரணிக்காரர்கள் நாலு பேர் காலைப் பிடித்துத் தொங்கினாலும், உடம்பைப் பின்பக்கமாக வில்லைப்போல வளைத்து, தலைக்கு மேலே கையை வீசி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அதனால் அவனுக்கு "வில்லு" என்றே பெயர். வல்லம் வடகாலிலும் வாலாஜாபாத்திலும் ஆட்டம் நடந்தால், "வில்லு வர்றானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தல் போடுவார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அவனுக்கு ஒரு வாசல் திறந்தது. சென்னை ரோட்டில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்று கபடி டீம் வைத்திருந்தது. டீமில் எடுத்துவிட்டால் கம்பெனியிலேயே வேலை நிரந்தரம். பாதி ஷிப்ட் வேலை, பாதி ஷிப்ட் ஆட்டம். அந்த டீமுக்குக் கோச் வெங்கடேசன். தன் காலத்தில் நன்றாக ஆடி, முட்டி போய், இப்போது விசில் ஊதிக்கொண்டிருந்தவர். மே மாதக் கடைசியில் செலக்ஷன் மேட்ச் என்று அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். ரகுபதி அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. செங்கமலம் அதைவிட ஓர் அங்குலம் மேலே நடந்தாள்.

பங்குனியில் அவள் அதைக் கவனித்தாள். சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவன், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்று சாப்பிட்டான்.

"இன்னாடா, நின்னுகினு துன்ற? ஒக்காந்தா சோறு எறங்காதா?"

"வயிறு ரொம்பட்டும்க்கா, அப்பால ஒக்காந்துக்கிறேன்."

"வயிறு ரொம்புனா எழுந்துக்குவாங்கடா. ஒக்கார மாட்டாங்க. இன்னா, சொல்லு."

"ஒண்ணுமில்ல. இடுப்புல லேசா புடிச்சிகினு கீது."

கேட்டதும் அவளுக்கு நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். இல்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் எட்டிப் பார்த்தது. ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்தியவளுக்கு, தன் தம்பிக்கு ஒன்றும் செய்யும்படி இதுவரை நேர்ந்ததில்லை. பாயை உதறி விரித்தாள்.

அந்த நேரம் பார்த்து வெங்கடேசன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பாயைப் பார்த்தார், ரகுபதியைப் பார்த்தார்.

"இரும்மா. நானும் பாத்துகினுதான் வர்றேன். மாசி மாசத்துலேர்ந்து பின்னால வளையும்போதெல்லாம் பல்லக் கடிக்கிறான். புடிப்புன்னா ரெண்டு மூணு நாள்ல வுட்டுப் போவணும் இல்ல? மெட்ராஸ்ல தேவராஜன்னு ஒரு டாக்டர் கீறாரு. ஆட்டக்காரங்க எலும்பு, நரம்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி. என் முட்டியக்கூட அவருதான் பாத்தாரு."

"பாத்துட்டு இன்னாண்ணா சொன்னாரு?" என்று ரகுபதி கேட்டான்.

வெங்கடேசன் தலையைச் சொறிந்தார். "ஆடாதன்னாரு."

"அப்பறம் ஏண்ணா என்னிய அவராண்ட இட்டுகினு போற? அத நீயே சொல்லிட்டா பஸ் சார்ஜு மிச்சம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் அந்த டாக்டர் பெயர் அமுங்கிப் போயிற்று. பிற்பாடு செங்கமலம் எத்தனையோ முறை அந்தச் சிரிப்பைத் திரும்பக் கேட்டாள். மூன்று பேரில் தன் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பலமாக இருந்ததாக அவளுக்குத் தோன்றும்.

அன்று மிதித்தாள். அவன் இடுப்பின் இரண்டு பக்கமும் சதை மரக்கட்டையாக இறுகியிருந்தது. மூன்று நீவலில் அந்த இறுக்கம் மெல்ல இளகுவதைப் பாதம் உணர்ந்தது. முடித்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரகுபதி எழுந்து உடம்பை இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தான்.

"எக்கா! ஒண்ணுமே இல்லக்கா! எவன் முதுகோ மாதிரி கீது!"

அடுத்த நாள் காலையிலேயே மைதானத்துக்கு ஓடிவிட்டான்.

வைகாசியில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: பஸ் நின்றது, கடை அடைத்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் காக்கிச் சட்டை, நாலு இளவட்டங்கள் சேர்ந்து நின்றால் விசாரணை. மே மாதக் கடைசியில் வைத்திருந்த செலக்ஷன் ஆடி மாதத்துக்குத் தள்ளிப்போனது. வானத்திலிருந்து யாரோ மெனக்கெட்டு இறக்கிவைத்ததுபோல இரண்டு மாதத்துக்கு மேலே ஓய்வு. ஊரே அடங்கிக் கிடந்தது. அவனும் அந்த ஊரோடு சேர்ந்து அடங்கிக் கிடந்திருக்கலாம்.

அவன் கிடக்கவில்லை. தள்ளிப்போனது இன்னும் நன்றாகத் தயாராகத்தான் என்று நினைத்தான். கம்பெனி மைதானத்தைப் பூட்டிவிட்டதால், அறுத்துப் போட்ட வயலில் சிநேகிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பழகினான். வெடித்த மண், காய்ந்த தாள்கட்டை. அதன்மேல் விழுந்து, வளைந்து, எழுந்து, மறுபடி விழுந்தான். செங்கமலம் தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கூழ் கொண்டுபோய் வரப்பில் நின்று பார்ப்பாள். வலி திரும்பி வந்தது. அவள் திரும்ப மிதித்தாள். வலி போனது. போன வலி இன்னும் கொஞ்சம் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தது.

செலக்ஷனுக்கு முந்தின சாயங்காலம், ஆடிக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ரகுபதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இப்ப இடுப்போட நிக்கலக்கா. காலு வழியா எறங்குது. கெண்டக்கால் வரிக்கும் சுர்ருன்னுது."

அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. "வாணாம்டா. நாளைக்கு ஆட வாணாம். அந்த டாக்டராண்ட போலாம்."

"போலாம்க்கா. நாளன்னிக்குப் போலாம். நாளைக்கு ஒரு நாள் வளஞ்சிட்டா போதும். அப்பறம் நீ போவச் சொன்ன எடத்துக்கு எல்லாம் வர்றேன். ஊருக்கெல்லாம் மிதிக்கிற, எனக்கு நாளைக்கு ஒரு நாளுக்கு மிதிக்க மாட்டியா?"

சிறுவயதில் மிட்டாய்க்குக் கேட்கிற அதே குரல். பாய் விரிந்தது.

முதல் நீவலிலேயே வித்தியாசம் தெரிந்தது. தோளிலிருந்து இறங்கி வந்த கால், இடுப்புக்கு நடுவில் ஒரு சின்னப் படியில் தட்டி இறங்கியது. எத்தனையோ முதுகு பார்த்த பாதம் அது. இப்படி ஒரு படியை எந்த முதுகிலும் பார்த்ததில்லை. பிடிப்பு முழுக்க முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடம் இதுதான், இதை அவிழ்த்துவிட்டால் தம்பி நாளைக்குப் பறப்பான் என்று அவள் நினைத்தாள். இரண்டாவது நீவலில் குதிகாலை அங்கே ஊன்றினாள். மூன்றாவதில் உடம்புப் பாரத்தை எல்லாம் இறக்கினாள்.

பாயில் முகம் புதைத்துக் கிடந்தவனிடமிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. விடாமல், வேகமாக, ஒரே மூச்சில், ஒரே தாளத்தில். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கபடி பாடுகிறான், படவா! என் காலுக்குக் கீழே கிடந்துகொண்டும் ஆட்டத்தில்தான் இருக்கிறான். பேசினால்தான் பலிக்காது, பாட்டு, பேச்சில் சேராது என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி, காலை எடுக்காமல் கடைசி வரைக்கும் அழுத்தி முடித்தாள்.

குனிந்து முதுகைத் தொட்டபோது அது நனைந்திருந்தது. பாயும் முகம் இருந்த இடத்தில் நனைந்திருந்தது. வியர்வை என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனி மைதானத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம். பெண்கள் நின்ற ஓரத்தில் செங்கமலமும் நின்றாள். ரகுபதி முதல் தடவை பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். விசில் பறந்தது. அவன் நொண்டுகிறானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அடுத்த தடவை போனபோது ஒருவன் கணுக்காலைக் கவ்விக்கொண்டான், இன்னொருவன் இடுப்பில் விழுந்தான். "வில்லு! வில்லு!" என்று கூட்டம் கத்தியது. வழக்கம்போல ரகுபதி பின்பக்கமாக வளைந்தான். கை தலைக்கு மேலே போயிற்று. கோட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும்.

அப்போது பாட்டு நின்றது. கடைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் அறுந்தே அறியாத மூச்சு, நடுவில் பட்டென்று அறுந்தது. பிடித்தவர்கள் தாமாகவே கையை விட்டார்கள். விட்ட பிறகும் அவன் எழவில்லை.

பலகையில் கிடத்திக் கம்பெனி வேனில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வெங்கடேசன் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னார். தேவராஜன் டாக்டர் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். படங்கள் எடுத்த பிறகு செங்கமலத்தையும் வெங்கடேசனையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் எக்ஸ்ரேயை மாட்டினார்.

"அம்மா, இங்க பாருங்க. முதுகெலும்பைச் சாய்வா படம் எடுத்தா, ஒவ்வொரு எலும்பும் ஒரு குட்டி நாய் மாதிரி தெரியும். இது மூக்கு, இது காது, இது முன்னங்கால். தெரியுதா?"

தெரிந்தது. தம்பியின் முதுகுக்குள் வரிசையாக நாய்க்குட்டிகள் உட்கார்ந்திருந்தன. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் அதை வைத்து ஒரு வாரம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பாள்.

"பின்பக்கமா ரொம்ப வளையிறவங்களுக்கு, எடை தூக்குறவங்களுக்கு, வேகப்பந்து போடுறவங்களுக்கு, கபடி ஆடுறவங்களுக்கும் இந்தக் கழுத்து இருக்கு பாருங்க, அங்க விரிசல் விழும். முதல்ல நாய்க்குக் கழுத்துப்பட்டை கட்டின மாதிரி ஒரு கோடுதான் தெரியும். அப்பவே வந்தா நான் பெரிசா ஒண்ணும் செய்ய மாட்டேன். ஆட்டத்தை நிறுத்திட்டு, இடுப்புக்கு ஒரு பெல்ட் போட்டு, மூணு மாசம் சும்மா இருக்கச் சொல்வேன். அப்புறம் வயித்துக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா மைதானத்துல இறக்குவேன். இந்த வயசுக்கு எலும்பு பெரும்பாலும் கூடிடும். எத்தனையோ பேர் திரும்பப் போய் ஆடுறாங்க."

கடைசி நாய்க்குட்டியைத் தொட்டுக் காட்டினார். அதற்குத் தலை தனியாக இருந்தது. உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

"இது ரெண்டு பக்கமும் விட்டுப்போச்சு. எலும்பு முன்னால நழுவி நரம்பை அழுத்துது. எப்ப வலி ஆரம்பிச்சுது?"

"மாசியில சார்" என்றார் வெங்கடேசன். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"மாசி." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு மாசம் இந்த வலியோட ஒருத்தன் எப்படி ஆடினான்? அதுதான் எனக்குப் புரியல."

செங்கமலம் எதையும் மறைக்கவில்லை. கால் வழியாகப் பிறந்ததிலிருந்து, முந்தின சாயங்காலம் குதிகாலில் தட்டுப்பட்ட படி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க கால் எலும்பை உடைக்கலம்மா. அது முன்னாடியே விரிஞ்சதுதான். ஆனா ஒண்ணு. உள்ள எலும்பு விரிஞ்சா, அது அசையாம இருக்க உடம்பே அந்த இடத்துச் சதையை இறுக்கிக் கட்டிக்கும். இப்படி வளையாதே, ஓடாதேன்னு அது சொல்ற சொல் அது. நீங்க அதைப் பிடிப்புன்னு நினைச்சு இளக்கிட்டீங்க. வலி குறைஞ்சது. குறைஞ்சதும் அவன் ஓடினான். உங்க கால் நல்லா வேலை செஞ்சிருக்கு. அதுதான் வினையாப் போச்சு."

"இனிமே ஆடுவானா சார்?"

"நடப்பான். ஆபரேஷன் செஞ்சு தேறினா உட்கார்ந்து செய்யிற வேலை எதுவும் செய்யலாம். கபடி வேண்டாம்மா."

"அவனாண்ட நீங்களே சொல்லிடுங்க சார். என்னால ஆவாது."

அவர் போய்ச் சொன்னார். செங்கமலம் தாழ்வாரத்திலேயே நின்றாள். திரும்பி வந்த டாக்டர், "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்" என்றார். "மூச்சுக்கு ஒண்ணும் ஆகலையே சார்னு கேட்டான்."

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு ரகுபதி கயிற்றுக் கட்டிலில் பலகை போட்டுப் படுத்திருந்தான். இடது பாதம் அவன் சொன்னபடி கேட்கவில்லை. காலைத் தூக்கினால் பாதம் மட்டும் தொங்கியது. கம்பெனி டீமுக்கு வாலாஜாபாத்துப் பையன் ஒருவனை எடுத்துவிட்டார்கள். அந்தப் பையனும் ஒரு நாள் வந்து, கட்டில் ஓரத்தில் நின்று, கொண்டுவந்த சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போனான்.

செங்கமலம் யாரையும் மிதிப்பதில்லை. பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள். சூளைப் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், "மெட்ராஸ்ல தேவராஜன்னு ஒரு டாக்டர் கீறாரு" என்பாள். "இந்த இடுப்புக்கு மெட்ராஸா?" என்று அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். உட்காரும்போது இடது காலை மடித்துத் தனக்குக் கீழேயே போட்டு உட்காரப் பழகிக்கொண்டாள். மரத்துப்போகும் வரைக்கும் அப்படியே இருப்பாள். மரத்துப்போன பிறகும் எடுக்க மாட்டாள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், வெங்கடேசன் பார்க்க வந்தார். அடுத்த வீட்டு மீனம்மாளும் வந்து உட்கார்ந்தாள். மீனம்மாள் வாய் ஓயாதவள்; துக்க வீட்டிலும் ஆளுக்கு ஒரு சிரிப்பு வைத்துவிட்டுப் போகிறவள்.

"ஏம்பா வில்லு, இந்தக் கட்டோட பாத்தா நீ மாரியம்மன் கோயில் தூணு மாதிரி கீற. ரெண்டு வெளக்கு மாட்டி வுடட்டுமா?"

"மாட்டுக்கா. கரண்ட்டு பில்லு நீ கட்டு" என்றான் ரகுபதி, கூரையைப் பார்த்தபடி.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு வந்து எத்தனை நாளாயிற்று! செங்கமலத்துக்கு மனசு கொஞ்சம் இளகியது. அந்த இளக்கத்தில், அவனை இன்னும் கொஞ்சம் உயர்த்திவைத்துப் பேசினால் அவன் முகம் இன்னும் கொஞ்சம் தெளியும் என்று தோன்றியது. பழைய செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"இவன் மூச்ச பத்தி உங்களுக்கு இன்னா தெரியும் வெங்கடேசண்ணா? மைதானத்துல பாடுறது பெரிசா? செலக்ஷனுக்கு மொத நாளு, என் மொத்த பாரத்தையும் இவன் முதுகுல எறக்கி வச்சிகினு நிக்கிறேன். ஆம்பளைங்க எல்லாம் அந்த எடத்துல தேம்புவானுங்க. இவன் இன்னா பண்ணான் தெரியுமா? குப்புறக் கெடந்துகினு, ஒரே மூச்சுல, கபடி கபடி கபடின்னு பாடிகினே கெடந்தான். நான் கால எடுக்கற வரிக்கும் மூச்சு வுடலியே! எந்த ஊருல கீறான் அந்த மாதிரி ஒரு ஆட்டக்காரன்?"

வெங்கடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீனம்மாள் மோவாயில் கையை வைத்தாள்.

"நெஜமாவாப்பா?" என்றாள்.

ரகுபதி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தான். கோபம் இல்லாத பார்வை. ஒரு தப்பான ஸ்கோரை ஆட்டக்காரனே திருத்திச் சொல்வானே, அப்படித்தான் சொன்னான்.

"கபடி இல்லக்கா. அக்கா அக்கா அக்கான்னு சொல்லிகினு இருந்தேன்."